சிரிலோவின் குரல் போன இடமெல்லாம்

தன் தொழில் வளர்ச்சியை அளந்து பார்த்துவிடுவது என்று சிரிலோ முடிவு செய்தபோது அவர் வாயில் ஒரு பெரிய மாட்டு விலா எலும்பு இருந்தது. அதை மட்டும் ஒழுங்காகக் கடித்துக்கொண்டிருந்தால் இந்தக் கதைக்கே வேலையில்லை.

ஞாயிற்றுக்கிழமை. மச்சான் எவேலியோ வீட்டு மாமரத்தடியில் கனல் அடுப்பு, நீள மேஜை, நிமியாவின் சொந்தபந்தம் முழுக்க. எவேலியோ நிமியாவின் அண்ணன். கூட்டுறவுச் சங்கத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, காசாளராகி, பிரிவுத் தலைவராகி, துணை மேலாளராகி, அதற்கு மேல் ஏறப் படி இல்லாமல் ஓய்வு பெற்றவர். விருந்தாளிகள் முன்னால் அந்தப் படிகளை மறுபடி ஒருமுறை ஏறிக் காட்டாமல் அவர் இறைச்சியில் கத்தி வைப்பதில்லை. அன்றைக்கும் ஏறி முடித்தார். மூச்சு வாங்கியது. பிறகு சிரிலோ பக்கம் திரும்பினார்.

"நீ எங்க ஆரம்பிச்ச மாப்பிள்ளை?"

"வீட்லதான் மச்சான். பீரோவுக்குள்ள."

"இப்போ?"

சிரிலோ எலும்பைக் கடித்தார். பதிலை நிமியா சொன்னாள்.

"இப்பவும் பீரோவுக்குள்ளதான்."

மேஜையே சிரித்தது. மச்சான் சிரித்தார், மச்சான் மனைவி சிரித்தாள், சாலட் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு வந்தவள் என்ன விஷயம் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு தனியாக ஒருமுறை சிரித்தாள். எல்லோருக்கும் முன்னால் சிரித்தது நிமியா. சிரிலோவுக்கு நெஞ்சில் சுருக்கென்றது. அந்த வலி அன்று மாலை வரை போகவில்லை.

சிரிலோவின் தொழில் குரல். லூக்கே நகரத்துத் தெருக்களில் காலையிலிருந்து வண்டிகள் போகும், ஒவ்வொன்றின் தலையிலும் ஓர் ஒலிபெருக்கி. சூடான சீபா ரொட்டி விற்பவர், தர்பூசணிக்காரர், கொசுவலைக்காரர், பழைய ஃப்ரிட்ஜ் வாங்குபவர், தேர்தல் வந்தால் வேட்பாளர். எல்லோரும் தொண்டை கட்டக் கத்திக்கொண்டிருக்க முடியுமா? பதிவு செய்த குரல் வேண்டும். அதைச் செய்து கொடுப்பவர் சிரிலோ. சம்பளம் கிடையாது, மேலதிகாரி கிடையாது, பதவி உயர்வு கிடையாது. சுதந்திரமான தொழில் என்று வெளியே சொல்லிக்கொள்வார். கோபம் வந்து ராஜினாமா செய்யலாமென்றால் அதை வாங்கிக்கொள்ளக்கூட ஆளில்லை என்பது அவருக்கு மட்டும் தெரிந்த விஷயம்.

படுக்கையறையில் இருந்த அந்த பீரோ நிமியாவுடையது. துணி சத்தத்தை விழுங்கும் என்பதால் அதுதான் ஒலிப்பதிவுக்கூடம். மைக்கைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய், மின்விசிறியை நிறுத்தச் சொல்லி, கதவை இறுக்கிச் சாத்திக்கொண்டு, அவளுடைய பாவாடைகளுக்கு நடுவே குந்தி உட்கார்ந்து பேசுவார். வெளியே வரும்போது ஆவியில் வெந்திருப்பார். துணிகளை யாரும் நகர்த்தக் கூடாது. பச்சைக் கவுனை எடுத்தால் எதிரொலிக்குமாம். அவளுடைய ஒரே கம்பளிக் கோட்டு அந்த ஊரில் குளிர்காலமான ஜூலையிலும் பீரோவிலேயே தொங்கியது. அதுதான் அடிக்குரலைத் தாங்கிப் பிடிக்கிறதாம். நிமியா கணவனின் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு திருப்பலிக்குப் போய் வந்தாள்.

போன வருடம் அந்தத் தொழிலில் ஒரு திருப்பம் வந்தது. இணையத்தில் புவெனஸ் ஐரெஸ்காரர் ஒருவர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பேசினார். வேண்டாம் என்று சொல்லத் தெரிந்தவன்தான் தொழிலில் வளர்கிறான் என்றார். சிரிலோ அன்றிலிருந்து வளர ஆரம்பித்தார். சீபா விற்கும் அம்மாளிடம் வேண்டாம் என்றார். கொசுவலைக்காரரிடம் வேண்டாம் என்றார். பழைய ஃப்ரிட்ஜ் வாங்கும் தோன் லாசரோவிடம், என் குரல் ஓட்டை ஃப்ரிட்ஜுக்கு இல்லை என்று விரிவாகவே சொன்னார். பெரிய கம்பெனிகள் வரும் என்று காத்திருந்தார். வளர்ச்சி நன்றாகவே நடந்தது. வேலைதான் வரவில்லை.

விருந்து முடிந்து வீட்டுக்கு வரும் வழியில் பஸ்ஸிலேயே ஆரம்பித்துவிட்டார்.

"நீ ஏன் சிரிச்ச?"

"சிரிப்பு வந்துச்சு."

"இந்த ஊருக்கே நான் குரல். கட்டின பொண்டாட்டி பல்லைக் காட்டறா."

"ஊருக்கே குரலா? உன் குரலை நீ கடைசியா தெருவுல எப்ப கேட்ட?"

"நான் எதுக்குக் கேக்கணும்? கேக்கறவங்க கேக்கறாங்க."

"அவங்க கேக்கறாங்கன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

சிரிலோ கொஞ்சம் யோசித்தார். அங்கேதான் அந்தத் திட்டம் முழு உருவம் எடுத்தது. குமாஸ்தாவுக்குப் படி. குரலுக்குத் தெரு. எத்தனை தெருவில் கேட்கிறதோ அவ்வளவு வளர்ச்சி. ஊரைச் சுற்றி வந்து காதால் கேட்டுவிட்டால் தீர்ந்தது, எந்த மேலாளரும் கையெழுத்துப் போட வேண்டாம்.

"சனிக்கிழமை காலையில போறேன். உங்கண்ணன் கார்லயே போறேன். அவரையே சாட்சியா வெச்சுக்கறேன்."

"போயேன்."

"கேட்டுச்சுன்னா அடுத்த ஞாயித்துக்கிழமை அதே மேஜையில அத்தனை பேர் முன்னால நீ சொல்லணும். என் புருஷன் வளர்ந்துட்டார்னு."

"எழுந்து நின்னே சொல்றேன். கேக்கலேன்னா?"

"கேக்காம எப்படிப் போகும்?"

"பேச்சுக்குச் சொல்றேன். கேக்கலேன்னா என் பீரோவை எனக்குக் குடுத்துடு."

"துணி வைக்கத்தானே? எடுத்துக்கோ. தாராளமா எடுத்துக்கோ." ஜெயித்தவன் போலக் கையை விரித்தார் சிரிலோ. அடுத்த சீட்டுக்காரர் தலையில் இடித்தது.

சனிக்கிழமை எவேலியோ காரோடு வந்தார். நிமியா பெரிய தெர்மாஸில் ஐஸ் தண்ணீர் நிரப்பி, மூலிகை இடித்துப் போட்டு, தெரெரே குடிக்கக் குவளையும் உறிஞ்சு குழாயும் எடுத்து வைத்தாள். கார்க் கண்ணாடிகளை அவளே இறக்கிவிட்டாள்.

"நல்லா காது குடுத்துக் கேளுங்க ரெண்டு பேரும்," என்றாள்.

அக்கறையாகத்தான் சொல்கிறாள் என்று சிரிலோ நினைத்துக்கொண்டார்.

சந்தை ரோட்டில் முதல் வண்டி வந்தது. சீபா வண்டி. ஒலிபெருக்கியில் கரகரத்துக்கொண்டு ஒரு பெண் குரல். "யம்மா, வெளிய வா! சூடு ஆறிப்போச்சுன்னா அப்புறம் என்னைத் திட்டாத!"

எவேலியோ காரின் வேகத்தைக் குறைத்தார். "யாரு மாப்பிள்ளை இது? பக்கத்து வீட்லேர்ந்து கூப்பிடற மாதிரி இருக்கே."

"கத்துக்குட்டி. மூச்சு எங்க எடுக்கணும்னே தெரியல. நான் வேண்டாம்னு விட்ட வேலை அது மச்சான். எவளோ பொறுக்கிக்கிட்டா."

அடுத்த தெருவில் கொசுவலை. அதே பெண். அதற்கடுத்த தெருவில் தோன் லாசரோவின் வண்டி, துருப்பிடித்த இரண்டு ஃப்ரிட்ஜுகளைச் சுமந்துகொண்டு வந்தது. அதிலும் அவளே. "குளிர் குடுக்காத ஃப்ரிட்ஜ், துவைக்காத மெஷின், வேலை செய்யாதது எதுவா இருந்தாலும் எடுத்துக்கறோம். புருஷனைத் தவிர!" தெருவில் நின்ற பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒருத்தி வண்டியை நிறுத்தித் தன் வீட்டுக்குள்ளே கைகாட்டினாள்.

"இந்தம்மா கேட்டா நல்லா ஓடற ஃப்ரிட்ஜையே நான் தூக்கிக் குடுத்துடுவேன் போலிருக்கே," என்றார் எவேலியோ.

"மலிவான சிரிப்பு மச்சான். இது நிக்காது."

மருந்துக்கடை வாசலில் அவள். செருப்புக்கடை வாசலில் அவள். கால்பந்து மைதானத்துச் சுவர் ஓரம் ஐஸ்கிரீம் வண்டியிலும் அவள். சிரிலோவின் குரல் மட்டும் எங்கும் இல்லை. கடைசியில் ரயில் பாதை ஓரத்து விதைக்கடையில் அவர் குரல் கேட்டது. எப்போதோ பதிவு செய்தது, இழுத்து இழுத்துப் பேசியது. "மதிப்பிற்குரிய விவசாயப் பெருமக்களே..." சிரிலோ நிமிர்ந்து உட்கார்ந்து மச்சான் தோளைத் தட்டினார். கார் கடையை நெருங்குவதற்குள் கடைக்காரர் எழுந்து போய் அதை நிறுத்திவிட்டு ரேடியோவைப் போட்டார்.

எவேலியோ தெரெரேவை ஊற்றி நீட்டினார். சிரிலோ வாங்கிக் குடித்தார். இத்தனை வருடம் அந்த இருட்டுக்குள் வெந்ததெல்லாம் யாருக்காக என்று ஒரு கேள்வி வந்தது.

மறுபடி அந்தச் சீபா வண்டி எதிரே வந்து, அவர்கள் பக்கத்திலேயே நின்றது. எவேலியோ ரொட்டி வாங்க இறங்கினார். ஒலிபெருக்கிக்கு நேர் கீழே நின்றவர் தலையைச் சாய்த்தார்.

"மாப்பிள்ளை, அந்தம்மா குரலுக்குப் பின்னால ஒரு சத்தம் வருது பாரு. கொர்... கொர்னு."

"மோட்டாரா இருக்கும். அதான் சொன்னேனே, கத்துக்குட்டி. பின்னணிச் சத்தத்தைக்கூட எடுக்கத் தெரியல."

"மோட்டார் இல்ல. நடுவுல நின்னு நின்னு வருது. கடைசியில ஒரு விசில்." எவேலியோ ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். அவர் முகம் மாறியது. "நம்ம கக்குப்பே மாதா கோயிலுக்கு நடந்து போனமே. வழியில ஒரே போர்வையில படுத்தமே. அன்னிக்கு ராத்திரி பூரா என்னைத் தூங்க விடாத சத்தம் இது."

சிரிலோ கேட்டார். கொர். கொர். விசில். வண்டி நகர்ந்து அடுத்த தெருவுக்குப் போனது. அவருடைய குறட்டையும் கூடவே போனது.

திரும்பி வரும் வழியெல்லாம் எவேலியோ கூட்டுறவுச் சங்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வாசலில் இறக்கிவிட்டு, "உடம்பைப் பாத்துக்கோ மாப்பிள்ளை," என்றார். அவர் கேலி செய்திருந்தால் சிரிலோ தாங்கியிருப்பார்.

நிமியா மரவள்ளிக்கிழங்கை வடித்துக்கொண்டிருந்தாள்.

"எப்போ?" என்றார் சிரிலோ.

"எது எப்போ?"

"எப்போ பேசின அத்தனையும்? எந்த நேரத்துல?"

"நீ தூங்கும்போது."

"ராத்திரியிலயா?"

"மத்தியானம்."

"சியெஸ்தாவுலயா?" திருடிவிட்டேன் என்று அவள் சொல்லியிருந்தால்கூட இவ்வளவு அதிர்ந்திருக்க மாட்டார். "சாப்பிட்டுட்டு ஊரே படுத்துக் கெடக்கற நேரம். சியெஸ்தாவுல எவனாவது வேலை செய்வானா?"

"எவனும் செய்ய மாட்டான். அதான் அவ்வளவு அமைதியா இருக்கு. நாய்கூடத் தூங்குது."

"எனக்குக்கூடத் தூக்கத்துல ஏதோ பேச்சுக்குரல் கேக்கும். யாசி யாதெரேதான் வீட்டைச் சுத்தி வருதுன்னு நினைச்சுப் போத்திக்கிட்டு படுத்துக்குவேன்." மதிய வேளையில் விசிலடித்துக்கொண்டு திரிந்து, தூங்காத பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு போகும் பிசாசு அது. பிள்ளைகள்கூட இப்போதெல்லாம் அதை நம்புவதில்லை.

"பிசாசு வந்தா ஃப்ரிட்ஜ் விளம்பரமா பேசும்?"

"நான் வேண்டாம்னு அனுப்பினவங்க எல்லாரும் உனக்கு எப்படிக் கெடைச்சாங்க?"

"நீ அனுப்புவ. வாசல் வரைக்கும் போய் வழியனுப்பறது யாரு? கேட் பக்கத்துல நின்னு அவங்க மூஞ்சியைப் பாக்கறது யாரு? தோன் லாசரோ அழற மாதிரி நின்னாரு. சரி, நான் பேசிப் பாக்கறேன்னேன்."

"கதவை ஏன் இறுக்கிச் சாத்தல? குறட்டை உள்ள போயிருக்கு."

"சாத்தினா மூச்சு எப்படி விடறது? லேசா திறந்து வெச்சுக்கிட்டேன்."

பீரோக் கதவை லேசாகத் திறந்து வைக்கலாம் என்று சிரிலோவுக்கு இத்தனை வருடத்தில் தோன்றியதே இல்லை. நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ஏன் எங்கிட்ட சொல்லல நிமியா?"

அவள் கிழங்குத் தட்டை அவர் முன்னால் வைத்தாள்.

"சொல்லியிருந்தா நீ எனக்குச் சொல்லிக்குடுக்க ஆரம்பிச்சிருப்ப," என்றாள்.

பந்தயப்படி அன்றே பீரோ கைமாறியது. துணியை அடுக்குவாள் என்று பார்த்தால், கம்பளிக் கோட்டை மட்டும் எடுத்து மாட்டிப் பார்த்துவிட்டு, மீதியை அப்படியே விட்டு, உள்ளே ஒரு முக்காலி போட்டாள். சிரிலோவின் மைக் கட்டிலடிப் பெட்டிக்குப் போனது. அவளிடம் அதைவிடச் சின்னதாக, நல்லதாக ஒன்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமை விருந்துக்குத் தலைவலி என்று சொல்லி அவர் போகவில்லை. உண்மையாகவே வலித்தது.

அடுத்த வாரம் தோன் லாசரோ தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். சிரிலோவுக்கு வணக்கம் சொல்லிவிட்டு உள்ளே பார்த்து, மரியாதையாக 'ஞா' போட்டுக் கூப்பிட்டார்.

"ஞா நிமியா, புதுசா ஒண்ணு வேணும். புருஷன் பொண்டாட்டி பேசற மாதிரி. பழைய ஃப்ரிட்ஜைத் தூக்கிப் போடுன்னு நீங்க திட்டணும். அவன் ஒண்ணும் பேச மாட்டான். 'சரிம்மா'ன்னு மட்டும் சொல்வான். ஆம்பளைக் குரல் ஒண்ணு வேணும், யாரைப் பிடிக்கலாம்?"

நிமியா சிரிலோவைப் பார்த்தாள். தோன் லாசரோவும் பார்த்தார்.

சிரிலோ எழுந்து நின்றார். "மூணு மேயர் வேட்பாளருக்குக் குரல் குடுத்தவன் நான். மாதா திருவிழாவுக்கு வர்ணனை பண்ணவன். ஒரே ஒரு வார்த்தைக்கு, அதுவும் அந்த வார்த்தைக்கு, நான் பீரோவுக்குள்ள போகணுமா? வேண்டாம். வளர்ற கலைஞன் வேண்டாம்னு சொல்லுவான்."

"சரி, விடு," என்றாள் நிமியா. வற்புறுத்தவே இல்லை. அது அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது.

மறுநாள் சியெஸ்தாவில் சிரிலோவுக்குத் தூக்கம் வரவில்லை. அந்தத் தூக்கமும் இப்போது அவருடையதாக இல்லை. கண்ணை மூடினால் எந்தத் தெருவில் கேட்குமோ என்று பயம். கட்டிலில் புரண்டுகொண்டிருந்தார். பீரோக் கதவு லேசாகத் திறந்திருந்தது. உள்ளேயிருந்து நிமியா குரல் கொடுத்தாள்.

"சிரிலோ, முழிச்சுதானே இருக்க? நாயைக் கொஞ்சம் வெளிய விடேன்."

"சரிம்மா."

"மெதுவா. கதவை அடிச்சுச் சாத்தாத."

"சரிம்மா."

"வரும்போது கொஞ்சம் ஐஸ் தண்ணி."

"சரிம்மா."

"குவளையை நேத்து மாதிரி கழுவாம கொண்டு வராத."

சிரிலோ ஒரு பெருமூச்சு விட்டார். வாழ்க்கை முழுவதும் சேர்த்து வைத்தது அந்த மூச்சில் வந்தது. "சரி...ம்மா."

சிறிது நேரம் கழித்து நிமியா வெளியே வந்தாள். முகம் மலர்ந்திருந்தது. தெரெரேவுக்கு மூலிகை இடித்து ஊற்றி முதல் குவளையை அவருக்கே கொடுத்தாள். அன்றிரவு அவருக்குப் பிடித்த பாலாடைக்கட்டிக் கேக் செய்தாள். செய்ததற்கு மனம் வருந்துகிறாள் என்று சிரிலோ எடுத்துக்கொண்டார். மன்னித்துவிடலாம் என்றும் நினைத்தார். மன்னித்துவிட்டு இன்னொரு துண்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

சனிக்கிழமை காலை. வாசலில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது தோன் லாசரோவின் வண்டி தெருமுனையில் திரும்பியது. நிமியாவின் குரல் முன்னால் வந்தது. "அந்தச் செத்துப்போன ஃப்ரிட்ஜை இன்னும் எவ்வளவு நாள் கட்டி அழப் போற? இன்னிக்கே தூக்கிக் குடுத்துடு!" ஓர் இடைவெளி. பிறகு ஓர் ஆண் குரல். களைத்துப்போய், எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்துவிட்ட குரல். ஒரே ஒரு வார்த்தை. தெரு முழுவதும் கொல்லென்று சிரித்தது. எதிர்வீட்டம்மா துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள்.

சிரிலோ சிரிக்கவில்லை. தண்ணீர்க் குழாய் கையிலேயே இருக்க, வண்டி மறையும் வரை கேட்டார். வேட்பாளர்களுக்காகவும் விவசாயப் பெருமக்களுக்காகவும் நெஞ்சை நிமிர்த்திப் பேசிய குரல்தான் அவருக்குத் தெரிந்த குரல். இது வேறு யாரோ. பொறாமையாக இருந்தது. ஆனாலும் தொழில் தெரிந்தவர் அல்லவா, ஒப்புக்கொள்ளாமல் இருக்க முடியவில்லை. உள்ளே போனார்.

"நிமியா, அந்த ஆள் யாரு?"

"எந்த ஆள்?"

"உன்கூடப் பேசறானே. மோசமில்ல. நான் கூட அப்படிச் சொல்லியிருக்க முடியாது. கொஞ்சங்கூட நடிப்பே தெரியல. புது ஆளா?"

"பழைய ஆள்தான். இப்பதான் முன்னுக்கு வர்றார்." நிமியா பீரோவுக்குள் ஒரு காலை வைத்தாள். "தோன் லாசரோ இன்னும் நாலு கேட்டிருக்கார். வாசல் குழாயை நிறுத்திட்டு வா. தண்ணி சத்தம் உள்ள வரைக்கும் கேக்குது."

"சரிம்மா," என்றார் சிரிலோ. சொல்லி முடித்த பிறகுதான் அது அவர் காதில் விழுந்தது.